காலண்டர் தாள் மான்கள்

ஜூன் 18, செவ்வாய்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் வந்து, அங்கிருந்து மலையேறும் பேருந்தில் மூன்று மணி நேரம். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கி எட்டாவதில் கண்ணை மூடிக்கொண்டேன். தும்பைமேட்டில் இறங்கும்போது மணி பதினொன்று. பேக்கரிக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. சன்னலைத் திறந்தால் குரங்கு வரும் என்றார் பேக்கரிக்காரர். மூடியே வைத்திருக்கிறேன்.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். முப்பத்தோரு வருடமாக மெய்ப்புத் திருத்துபவன் நான். இந்த ஊர்த் தபால்காரப் பெண்மணி பாவாத்தாள் மான்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் வெளியிடுவதாக எங்கள் பதிப்பகம் அறிவித்துவிட்டது. அட்டைகூடத் தயார். முதல் அத்தியாயத்தைத் திருத்தி அவருக்கு அனுப்பினோம். பதிலுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது.

"என் கடமையைக் கொன்றவர்களுக்கு மீதியைத் தரமாட்டேன். புத்தகம் வேண்டாம்."

கொன்றவன் நான்தான். "காலை ஆறரைக்கு ஓடையில் கடமை தண்ணீர் குடித்தது" என்று எழுதியிருந்தார். கடமை எப்படித் தண்ணீர் குடிக்கும்? "கடமையாகத் தண்ணீர் குடித்தேன்" என்று மாற்றினேன். அந்த அத்தியாயத்தில் பதினோரு இடங்களில் அப்படி மாற்றியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் கடமானுக்குக் கடமை என்றே பெயராம். அகராதியில்கூட இருக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை.

பதிப்பக உரிமையாளர் ஜெகதா என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். கத்தவெல்லாம் இல்லை. "நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க சார். மீதிக் கைப்பிரதியும் ஒப்பந்தத்துல கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க. பத்து நாள்" என்றார்.

ஜூன் 19, புதன்

புத்தகத்தின் ஆசிரியரைச் சந்தித்தேன். இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் காட்டுக்குள் இருக்கும் கடைசிக் குடியிருப்புக்குத் தினமும் தபால் கொண்டு போய்த் திரும்புகிறார். மதியம் இரண்டு மணிக்குக் காக்கிப் பையோடு வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். வெயிலில் நடந்து வந்தவர்போல இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்போல இருந்தார்.

"நீங்கதானுங்களா கடமையாத் தண்ணி குடிச்சவரு?"

"ஆமாங்க. மன்னிக்கணும்."

"பதினோரு வாட்டி குடிச்சிருக்கீங்க. வயிறு என்னத்துக்கு ஆகும்?"

திட்டுவார் என்று தயாராக வந்திருந்தேன். அவர் சிரித்தார். கையெழுத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது சிரிப்பு நின்றது.

"நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு என்ற கூட நடங்க. ஒரு கடமையைக் கண்ணுல பாருங்க. பாக்காம எப்படித் திருத்துவீங்க?"

ஜூன் 20, வியாழன்

போகும்போது ஆறு, வரும்போது ஆறு. மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர். என்னுடைய செருப்பு வரும்போது மூன்றாவது கிலோமீட்டரில் அறுந்தது.

ஆசிரியர் நடந்துகொண்டே பார்க்கிறார். நான் நின்றால்தான் பார்க்கிறேன். புள்ளிமான் கூட்டம் ஒன்று எனக்கே தெரிந்தது. கேளையாடு என்று ஒன்றைக் காட்டினார். ஆடு இல்லை, அதுவும் மான்தான், நாய்போலக் குரைக்கும் என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது குரைத்தது.

ஓடைத் திருப்பத்தில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கொஞ்சம் தள்ளி, மூங்கிலுக்குப் பின்னால், நான் பாறை என்று நினைத்தது தலையைத் திருப்பியது. குதிரை உயரம். ஈரமான கழுத்துப் பிடரி. வாயில் புல் தொங்கியது. அது என்னைப் பார்த்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் குடையை விரித்துவிட்டேன். கடமை ஓட்டை வெண்கலக் குடத்தை அடித்தாற்போல ஒரு சத்தம் போட்டுவிட்டுக் காட்டை உடைத்துக்கொண்டு ஓடியது. ஆசிரியர் வழியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"இருவத்திரண்டு வருசத்துல அதுக்குக் குடை விரிச்சவரு நீங்க ஒருத்தருதானுங்க."

ஜூன் 21, வெள்ளி

கால் வலி. கேன்வாஸ் ஷூ வாங்கினேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

தபால் விடுமுறை. திருமதி பாவாத்தாள் தன் வீட்டுத் திண்ணையில் கைப்பிரதியைக் காட்டினார்.

கைப்பிரதி என்று நாங்கள் நினைத்தது வேறு. இரண்டு தகரப் பெட்டிகள். உள்ளே தினசரிக் காலண்டர் தாள்கள். ஒவ்வொரு நாளும் கிழிக்கும் தாளின் பின்புறத்தில் அன்றைக்கு நடையில் பார்த்ததை எழுதியிருக்கிறார். மாதத்துக்கு ஒரு கட்டு, நூலால் கட்டி. முன்பக்கத்தில் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கத்தில் மான்கள். கையெழுத்து அச்சடித்ததுபோல அவ்வளவு தெளிவு. ஒரு தாளை இங்கே எழுதிக்கொள்கிறேன்:

"மூன்று பெண் கடமை, ஒரு குட்டி. குட்டிக்குத் தண்ணீரில் இறங்கப் பயம். தாய் இறங்கி நின்று காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். தபால் கால் மணி நேரம் தாமதம். கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னேன். யாரும் கோபிக்கவில்லை."

இதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

இவற்றிலிருந்துதான் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறாராம். கட்டுகளை வரிசைப்படுத்தினேன். 2013 ஏப்ரல் மட்டும் இல்லை. கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனார். திரும்பி வர வெகு நேரமாயிற்று. கையில் டீ மட்டும்தான் இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெரியவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதில் அவ்வளவு கவனம்.

ஜூன் 28, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. ஜெகதாவுக்குத் தொலைபேசினேன். பேக்கரி மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்தான் சிக்னல். கையெழுத்து மிகவும் கஷ்டமாக இருக்கிறது, ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் எழுத வேண்டும், இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்றேன். அனுமதித்தார்.

பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு சட்டை வாங்கினேன். கொண்டு வந்தவை போதவில்லை.

ஜூலை 3, புதன்

இன்று அந்த ஏப்ரல் கட்டு வந்தது. நடையிலிருந்து திரும்பி, பையை ஆணியில் மாட்டிவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அவரே எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். எட்டாம் அத்தியாயம் என்று தனியாக எழுதிய தாள்களும் கூடவே இருந்தன.

எதிர்வீட்டுக்காரர் காளியண்ணன். பாவாத்தாளின் உடன்பிறந்த அண்ணன். அந்தக் காலத்தில் இந்த மலையில் அவரைப்போல வேட்டைக்காரர் கிடையாது. சட்டம் தடுத்த பிறகும் நாட்டுத் துப்பாக்கியோடு போய்க்கொண்டிருந்தார். 2013 ஏப்ரல் 9 அன்று பாவாத்தாள் தபாலோடு போகும்போது, மருதமரத்தடியில் அவர் ஒரு பெண் கடமையைச் சுட்டதைப் பார்த்துவிட்டார். அந்தக் கடமைக்குப் பக்கத்தில் இடது காது கிழிந்த ஒரு குட்டி நின்றது.

"தபாலை எல்லாம் கொடுத்துவிட்டு வந்துதான் வனத்துறையில் சொன்னேன். இடையில் மூன்று மணி நேரம் இருந்தது. சொல்லாமல் விட அது போதுமான நேரம். நான் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார்.

அண்ணன் நான்கு மாதம் சிறையில் இருந்தார். திரும்பி வந்ததிலிருந்து தங்கையிடம் ஒரு சொல் பேசவில்லை. பதினோரு வருடம்.

"இதைச் சேக்காம புஸ்தகம் போட முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தது எல்லாத்தையும் எழுதியிருக்கறேன்னு மொதப் பக்கத்துல சொல்லியிருக்கறனே. இதை உட்டா அது பொய்யாப் போயிருமுங்க."

"அப்போ பேரை மட்டும் எடுத்துடலாமே."

"இந்த ஊர்ல யாருக்கு அது தெரியாது? பேரை எடுத்தா, பயந்துக்கிட்டு எடுத்ததாத்தான் ஆகும்." தாள்களை அடுக்கி நூலைக் கட்டினார். "அண்ணன் காதுல இதை ஒருக்கா படிச்சுக் காட்டோணும். வேண்டாம்னாருன்னா புஸ்தகம் வேண்டாம். நான் படிச்சா அவரு உள்ள போயிருவாரு."

யார் படிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நான் போகிறேன் என்று நானே சொன்னேன். எதற்குச் சொன்னேன்?

ஜூலை 4, வியாழன்

போகவில்லை. மழை. (தூறல்.) எட்டாம் அத்தியாயத்தைப் படியெடுத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

மாலை ஐந்து மணிக்குப் போனேன். காளியண்ணன் பால் கறந்துகொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. "படிங்க" என்றார்.

மாட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். முதல் பக்கம் முழுக்கப் பால் சொம்பில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்த வரியில் அது நின்றது. படித்து முடித்துவிட்டு நானும் நின்றேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இருவதடின்னா எழுதியிருக்குது?"

"ஆமாங்க. இருபதடி தூரத்துலேருந்து சுட்டதா இருக்கு."

"எவன் இருவதடில போயி நின்னுக்கிட்டு கடமையைச் சுடுவான்? அதுக்கு மூக்கு இல்லீங்களா? அம்பதடி. காத்து எதுக்கால வந்துது. அதை எழுதச் சொல்லுங்க."

"மத்ததுங்க?"

"மத்தது நடந்ததுதானுங்களே." சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆறடிக்கு மேல் உயரம். "அந்தக் குட்டி பக்கத்துல நின்னது எனக்குத் தெரியாதுங்க. சுட்ட பொறவுதான் பாத்தேன். தெரிஞ்சிருந்தாச் சுட்டிருக்க மாட்டேன். முடிஞ்சா அதையும் எழுதச் சொல்லுங்க. அவ எழுதலீன்னாலும் பரவால்லீங்க."

உள்ளே போய்விட்டார். ஒரு தம்ளரில் பால் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 6, சனி

குட்டியைப் பற்றி அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். பாவாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தூரம் இருபது இல்லை, ஐம்பது என்றதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் அடுத்த நாளே போயி நடந்து அளந்தவ. மாத்த மாட்டேனுங்க."

அதையும் போய்ச் சொன்னேன். "அளந்தாளாமா?" என்றார் காளியண்ணன். "துப்பாக்கி புடிச்சவன் நானா, அவளா?"

ஜூலை 8, திங்கள்

தெருவைக் கடந்தது: காலை இருமுறை, மாலை நான்கு முறை.

மற்ற அத்தியாயங்களையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டார் பாவாத்தாள். தப்பு இருந்தால் தெரிந்துகொள்ளத்தானாம். காளியண்ணன் மாட்டுக்கொட்டகையில் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். இலையை உதட்டில் வைத்து ஊதினால் கேளையாடு குட்டியென்று நம்பி வந்துவிடும் என்கிறார். அதெல்லாம் எந்தக் கேளையாடும் வராது, அவர் ஊதினால் ஊர் நாய்தான் வரும் என்கிறார் பாவாத்தாள். இரண்டையும் எழுதிக்கொண்டேன். புத்தகம் இருபது பக்கம் கூடிவிட்டது. நன்றாகவும் ஆகிவிட்டது. வேட்டைக்காரன் பார்த்த காடும் தபால்காரி பார்த்த காடும் ஒரே பக்கத்தில் சண்டை போடுகின்றன.

கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். தினமும் அங்கேதான் மதியச் சாப்பாடு. வேலை நேரம் மிச்சமாகிறது.

ஜூலை 11, வியாழன்

ஐம்பதடியா, இருபதடியா? இருவரும் விடுவதாக இல்லை. அது தீராமல் கையெழுத்து இல்லை. ஜெகதா தினமும் கூப்பிடுகிறார். தொட்டிமேல் ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைய தேதியைப் பெரிதாக எழுத வேண்டும்.

காலையில் எட்டாம் அத்தியாயத்தை அசல் தாளோடு கடைசியாக ஒப்பிட உட்கார்ந்தேன். பாவாத்தாள் எழுதியது "இருபது எட்டு தூரம்." காலை எட்டி வைத்து நடந்து அளந்த எட்டு. ஓர் எட்டு என்றால் இரண்டரை அடி. இருபது எட்டு, ஐம்பதடி. நான்தான் படியெடுக்கும்போது, எட்டு என்றால் யாருக்குப் புரியும் என்று, கணக்கெதுவும் போடாமல் "அடி" ஆக்கியிருக்கிறேன்.

இருவரும் சொன்னது ஒன்றுதான். பத்து நாளாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்னுடைய தப்பைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன்.

பேசாமல் திருத்திவிட்டு இருந்திருக்கலாம். தாளை எடுத்துக்கொண்டு போய்த் தெரு நடுவில் நின்றேன். பாவாத்தாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். காளியண்ணன் கொட்டகையில் இருந்தார். இருவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

காளியண்ணன் சாணிக் கையோடு தெருவுக்கு வந்தார். என்னைத் தாண்டி எதிர்வாசலைப் பார்த்தார்.

"பாவா! நீ எட்டுன்னா எழுதியிருந்தே?"

"ஆமாங்ண்ணா! இருவது எட்டுன்னுதான் எழுதுனேன். இந்த மனுசன்தான் அடின்னு மாத்திப்போட்டாரு!"

"அதானே பாத்தேன். எண்ணத் தெரியாதவளா நீ!"

அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பாவாத்தாள் வாளியைக் கீழே வைத்தார். காளியண்ணனுக்குத் திரும்பிப் போகவும் தெரியவில்லை, முன்னால் வரவும் தெரியவில்லை. தெருக் குழாயில் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கை வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"அந்தக் குட்டி என்னாச்சு அம்மிணி? ஜெயில்ல அதேதான் ரோசனை. மொதல் மழைக்கே செத்திருக்கும்னு நெனச்சேன்."

பாவாத்தாள் உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கை நிறையத் தாள்களோடு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். 2013 ஆகஸ்ட்: இடது காது கிழிந்த குட்டி, கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. 2014 தை: உப்புக்குழியில் மண் நக்கக் கண்டேன், வளர்ந்திருக்கிறது. 2016 மே: கிழிந்த காதுக்காரி ஈன்றிருக்கிறாள். 2019: இரண்டாவது குட்டி, முதலாவதும் கூடவே.

"இத்தனை வருசமா உனக்குத் தெரியுமா?"

"சொல்லலாம்னு எத்தனை நாளு வாசல்ல நின்னேன். நீங்க உள்ள போயிருவீங்களே."

காளியண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பாவாத்தாள் அவர் முதுகில் கை வைத்தார். நான் பேக்கரிக்கு வந்துவிட்டேன். வழியில் எனக்கும் மூக்கு ஒழுகியது. மலைக் குளிர்.

ஜூலை 20, சனி

எல்லா அத்தியாயமும் முடிந்தது. ஒப்பந்தத்தில் பாவாத்தாள் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து காளியண்ணன். எல்லாவற்றையும் பேருந்தில் ஜெகதாவுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் போகவில்லை. புத்தகத்தின் கடைசியில் பொருளடைவு வேண்டும். எந்த மான் எந்தப் பக்கத்தில் என்று. அதைக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்து செய்வதுதான் சரியாக இருக்கும்.

ஜூலை 23, செவ்வாய்

பொருளடைவு முடிந்தது.

ஜூலை 24, புதன்

பொருளடைவைச் சரிபார்த்தேன். காலையில் நடை. கடமை இரண்டு. குடை கொண்டு போகவில்லை.

ஜூலை 25, வியாழன்

சரிபார்த்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை எட்டரைக்குக் காளியண்ணன் பால் தூக்கோடு மாடிக்கு வந்தார். வேட்டி சலவை செய்தது. கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங் சார், கோயமுத்தூர்ல ஊட்ல யாரெல்லாம் இருக்கறாங்க?"

புத்தகப் பிரதிகளை எங்கே அனுப்புவது என்று கேட்கிறார் என நினைத்தேன். "யாரும் இல்லீங்க. மனைவி தவறி ஒன்பது வருசமாச்சு. கீழ் வீட்டுக்காரங்க பார்சல் வாங்கி வெச்சுக்குவாங்க."

"நான் பார்சலைக் கேக்குலீங்." தொண்டையைச் செருமினார். "என்ற தங்கச்சி வூட்டுக்காரரு போயி பதினாலு வருசமாச்சு. ஒத்தையாத்தான் இருக்கறா. அண்ணன்னு நான் ஒருத்தன் இருந்தும் ஒண்ணும் செய்யுல. இப்பவாச்சு..."

படியில் வேகமாக யாரோ ஏறிவரும் சத்தம். பாவாத்தாள் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறவருக்குப் பதினான்கு படியில் மூச்சு வாங்கியது.

"அண்ணா, எந்திரிங்க. கேக்கறதுன்னா நானே கேட்டுக்கறேன்."

காளியண்ணன் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். வெளியே போகவில்லை.

"அந்தப் பொருளடைவுக்கு எத்தனை நாளுங்க ஆகும்?" என்று கேட்டார் பாவாத்தாள்.

"மூணு நாள்ங்க."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"எட்டுங்க."

"அப்பொறம் எதுக்கு இருக்கறீங்க?"

சரிபார்ப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஓடைக்கரையில் மானைப் பார்க்கிறதுபோல, அவசரமில்லாமல்.

"போகப் பிடிக்கலைங்க" என்றேன்.

"அப்ப இருங்க." முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் தபால் பட்டுவாடா செய்கிற குரல். "எனக்கு அம்பத்தொண்ணு. வேலை இன்னும் பதினாலு வருசம் இருக்குது. தெனமும் நடப்பேன், யாருக்காகவும் நிறுத்த மாட்டேன். நீங்க உங்க திருத்தற வேலையை இங்கிருந்தே பண்ணிக்கலாம். என்ற தாளுல மட்டும் கேக்காம கை வெக்கக் கூடாது. சரீங்களா?"

"சரிங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"சரிங்கறேனே."

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "பால் ஆறுது மாப்ளே. குடிங்க."

ஜூலை 29, திங்கள்

தொட்டிமேல் ஏறி ஜெகதாவுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"சார், நான் கைப்பிரதி வாங்கிட்டு வரத்தானே அனுப்பினேன்?" என்றவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். ஆகஸ்டில் மூன்று பேருக்கும் மேடையில் நாற்காலி போடுவாராம்.

நாளை கோவை போகிறேன். வீட்டைக் காலி செய்ய வேண்டும், துணிமணி, அகராதிகள், அழுத்தமான ஷூ ஒன்று. வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் திரும்புகிறேன். அன்றைக்குப் பாவாத்தாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். காய்ச்சலுக்கு எடுத்ததைத் தவிர்த்தால், இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் "ஆள் வருகிறது" என்று எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.